இணைப்பு: மூன்று

எனக்கும் மோட்டார் வைண்டிங் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றினால் இந்தப் பக்கம் என் கயிற்றுக் கட்டுகளும் தார்ப்பாய்களும் ஒரு வாரத்துக்கு அதே வாசத்தில் கிடக்கும். வாங்க வருகிறவர்கள் மூக்கைச் சுளித்து, "பழைய சரக்கா?" என்பார்கள். "மழைக்குத் தாங்க மருந்து போட்டது" என்று சொல்லி நானும் விற்றிருக்கிறேன். வியாபாரி வீட்டில் பிறந்தவன் நாற்றத்தையும் சும்மா விடுவதில்லை.

அந்த வருஷம் கோடை முந்திக்கொண்டு வந்துவிட்டது. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் புகையும். மோட்டார் புகைந்தால்தான் வைண்டிங் கடையில் அடுப்பு எரியும். கடை வாசலில் வயிறு திறந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. வைண்டிங்காரர் கருகிய செம்புக் கம்பியைக் கத்தரித்து இழுத்துப் போடுவார், புதுக் கம்பியை அச்சில் சுற்றுவார். சுற்றியதை இரும்பின் இடுக்குகளுக்குள், கம்பியின் தோல் உரியாமல், ஒவ்வொரு இழையாக இறக்குவது அவர் மனைவி. வைண்டிங்காரருக்கு விரல் தடிமன், கண்ணும் போதாது. "நான் சுத்துவேன், அவ சொருகுவா. கல்யாணம் ஆனதுலேர்ந்து இதே கதைதான்" என்பார். அவளை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் கிடையாது, சுவர் சொந்தம்தான்.

தங்கச்சிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடையின் பின் அறையில் ஒரு மேசை, மேசை மேல் ரேடியோ பெட்டி, கையில் பிடித்துப் பேச ஒரு மைக். பக்கத்தில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து இன்டர்நெட் ஒயர் போகும். தினமும் காலை ஆறரைக்கு அங்கே உட்கார்ந்து வருகைப் பதிவு எடுப்பாள். பத்துப் பன்னிரண்டு பேர் எங்கெங்கிருந்தோ வந்து பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியைச் சொல்லி வணக்கம் வைப்பார்கள். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினவர்கள் மட்டும் பேசலாம். நாற்பத்து மூன்று வயதில், மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டே படித்துப் பாஸ் பண்ணினவள் அவள். ரேடியோ ஆசை எல்லாம் கிடையாது. எல்லாம் தம்பிக்காக.

தம்பியை நாங்கள் மழைக்காரன் என்போம். நீர்த்தேக்கத்துக்கு மேலே, மலைமேல், மழை அளக்கிற வேலை. ஒரு அறை, ஒரு மழைமானி, ஒரு நோட்டு. மழை பெய்யாவிட்டாலும் பெய்யவில்லை என்று எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு ஜீப் போகும். அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டு போய் நோட்டை வாங்கி வரும். போன் சிக்னல் கிடையாது. அவன் முன்பு குடித்துக் குடித்துக் குடும்பத்தைத் தொலைத்தவன். தன்னை யாரும் தேடி வர முடியாத இடம் என்றுதான் அந்த வேலையைக் கேட்டு வாங்கினான். குடி மட்டும் ஜீப் ஏறி வந்துவிடும். டிரைவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

தங்கச்சி போய் உட்கார்ந்தால் புத்தர் மாதிரி இருப்பான். அவள் பஸ் ஏறியதும் மறுபடி. மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு, நாலாவது முறை கையில் பிடித்துப் பேசுகிற ரேடியோ ஒன்றையும் பரீட்சைப் புத்தகத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்காவும் தம்பியும் ஒரே மாதத்தில் பாஸ். அவன் கையில் இருக்கிற ரேடியோ அடிவாரத்து ஊர்வரைக்கும்தான் எட்டும். அங்கே ஒரு மருந்துக்கடைக்காரர் இதே பைத்தியம். மொட்டை மாடியில் ஏரியல் வைத்திருந்தார். அவர் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டி, இங்கே ஒரு கறுப்புப் பெட்டி, நடுவில் இன்டர்நெட். தம்பி மலையில் பேசினால் வார்னிஷ் வாசத்துக்கு நடுவே குரல் வரும். நாலு வருஷமாக வந்தது. நாலு வருஷமாக அவன் தொடவில்லை.

குடித்தானா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவனுக்குக் குடிச்சா மரியாதை வந்துடும்ண்ணே" என்றாள். "சாதாரணமா 'அக்கா, நீ சாப்பிட்டியா'ம்பான். உள்ள போயிடுச்சுன்னா 'அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா'ம்பான். சின்ன வயசுலேர்ந்து என்னை நீங்கன்னு சொன்னவனே இல்ல. நீங்கன்னு வந்தா முடிஞ்சுது."

அந்தக் கோடையில் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. புதிய விதிகள், வரைவு. எந்தவொரு அமெச்சூர் வானொலி நிலையமும் பொதுத் தொலைத்தொடர்பு வலையமைப்புடன் எவ்வகையிலும் இணைக்கப்படுதல் கூடாது. தற்போதுள்ள இணைப்புகள் உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். கருத்துகள் இருப்பின் முப்பது நாட்களுக்குள் அனுப்பலாம்.

வைண்டிங்காரர் படித்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவூண்டு பெட்டி. மேல நாலு துணியைப் போட்டு மூடினா எவனுக்குத் தெரியும்? ஓடட்டும்."

"லைசென்ஸ் என் பேர்ல இருக்குங்க. மாட்டினா அவன் லைசென்ஸும் சேர்ந்து போகும். அப்புறம் நாளைக்கே விதியை மாத்தினாலும் பேச ஆள் இருக்காது." ஒயரைப் பிடுங்கிப் பெட்டியின் மேல் சுற்றி வைத்துவிட்டு, பாதியில் விட்ட மோட்டாரிடம் போய் உட்கார்ந்தாள்.

மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு மருந்துக்கடைக்காரர் போன் பண்ணுவார். அவருக்குத் தம்பியின் குரல் நேராகக் கேட்கும். அதற்கு இன்டர்நெட் வேண்டாம்.

"தம்பி வந்தார்மா. நல்லா இருக்காராம். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டார்."

தங்கச்சி போனை வைத்துவிட்டு என் கடைக்கு வந்தாள். கயிற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டானாம்ண்ணே."

எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அது மருந்துக்கடைக்காரர் மரியாதையா இருக்கும்மா. அவர் எல்லாரையும் நீங்கதான் சொல்வார். இருமல் மருந்து வாங்க வர்ற குழந்தையைக்கூட நீங்கன்னுதான் சொல்வார்."

"அதான்ண்ணே. அவன் நீன்னு சொல்லியிருந்தாலும் இவர் நீங்கன்னுதான் சொல்வார். அவன் நீங்கன்னு சொல்லியிருந்தாலும் நீங்கன்னுதான் சொல்வார். நான் எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது?"

"வாய்விட்டுக் கேட்டுட வேண்டியதுதானே?"

"என் தம்பி குடிகாரன், அவன் நீன்னானா நீங்கன்னானான்னு கேக்கச் சொல்றீங்களா? அந்த ஊர்ல அவனை மதிக்கிற மனுஷன் அவர் ஒருத்தர்தான். அதையும் கெடுக்கவா?"

போனிலேயே சேதி வருகிறதே, அப்புறம் என்ன என்று சிலர் கேட்டார்கள். சேதி வந்தது. குரல் வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் ஒன்றரை நாள் பயணம், வாசலில் பதினாலு மோட்டார். அவள் விரல் இல்லாமல் ஒன்றுகூட மூடாது.

ரேடியோ சங்கத்துச் செயலாளர் ஒரு கண்டன மனு எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். ஐந்து பக்கம். முதல் வரியிலேயே வன்மையாகக் கண்டித்தார். மூன்றாம் பக்கத்தில் அடிப்படை உரிமை. ஐந்தாம் பக்கத்தில் நீதிமன்றம். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"என்ன சொல்றீங்க முதலாளி?" என்றார் வைண்டிங்காரர். அவருக்கு என்னைக் கேலி பண்ண வேண்டுமென்றால் முதலாளி என்பார்.

"நல்ல கோபம். ஆனா வாங்க வந்தவனை வாசல்லயே திட்டிட்டா அவன் உள்ள வரமாட்டான். அவங்க வேண்டாம்னு சொல்றது முதல்ல சொல்ற விலை மாதிரி. மனசுல எது பயம்னு பார்த்தா பேசலாம்."

"என்ன பயம்?"

"அதை நீங்கதான் சொல்லணும். நான் கயிறு விக்கிறவன்."

தங்கச்சி மோட்டாரிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள். "பெட்டி பாட்டுக்கு ஓடும், பக்கத்துல யாரும் இருக்கமாட்டாங்க. அது ஒண்ணு. லைசென்ஸ் இல்லாதவன் எங்கேயோ கம்ப்யூட்டர்ல உக்காந்து நம்ம ரேடியோ வழியாப் பேசிடலாம். நிறுத்துன்னா நிறுத்தவும் முடியாது, யாரைக் கூப்பிடறதுன்னே தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "அவங்க பயப்படறது நியாயம்தாங்க. நானே நாலு தடவை பெட்டியை ஓடவிட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போயிருக்கேன்" என்றாள்.

"அதை எழுதிடாதே தாயே" என்றார் வைண்டிங்காரர்.

பத்து நாள் எழுதினோம். வேலை முடிந்து மூவரும் அவர்கள் கடை பெஞ்சில் உட்காருவோம். டீயும் பன்னும் நான் வாங்குவேன். கையெழுத்து வைண்டிங்காரருடையது, அவருடையதுதான் படிக்கும்படி இருக்கும். 'கண்டிக்கிறோம்' என்று ஒரு இடத்தில் வந்தது, 'கேட்டுக்கொள்கிறோம்' ஆயிற்று. 'கூடாது' என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக அவர்களே எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோதாக ஒரு முழு வாக்கியத்தை எழுதிக் கொடுத்தோம்: லைசென்ஸ் பெற்ற பொறுப்பாளர் ஒருவர் நேரில் இருக்கும்போது மட்டும், குறித்த நேரத்தில், பதிவேட்டுடன், முன் அனுமதி பெற்று இணைக்கலாம். அந்த வாக்கியத்துக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. 'நேரில்' என்ற வார்த்தையை வைண்டிங்காரர் அடிக்கச் சொன்னார்.

"நம்ம காலை நாமே கட்டிக்கணுமா?"

"கட்டினாத்தாங்க அவங்க நம்புவாங்க" என்றாள் தங்கச்சி. வார்த்தை நின்றது.

மனுவோடு மூன்று தாள் வைத்தோம். பெட்டி எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று அவள் கையால் வரைந்த படம், பேசுகிறவர்களின் லைசென்ஸ் விவரம், எந்த நிமிஷமும் நிறுத்த மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்விட்ச் பொருத்தியிருப்பதன் விளக்கம். கடைசியில், தங்கச்சி போட்ட கையெழுத்துக்குக் கீழே, இடது ஓரத்தில், எந்தக் கடிதத்திலும் எழுதுகிற மாதிரி எழுதினோம்: இணைப்பு: 3.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வைண்டிங்காரர் வாசித்தார், வாசித்துவிட்டு உட்கார்ந்தார், உட்கார்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். 'தடை நடப்பில் உள்ள நிலையில் மூன்று இணைப்புகள் வைத்திருப்பதாகத் தாங்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளதால், மேற்படி மூன்று இணைப்புகளையும் நேரில் ஆய்வு செய்ய...'

"எங்க இருக்கு மத்த ரெண்டு?" என்றார், என்னவோ நான் ஒளித்து வைத்த மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கச்சி முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். லைசென்ஸை வாங்கிக்கொண்டு போய்விடுவார்களா என்று ஒரே கேள்விதான் கேட்டாள், நாலைந்து முறை.

ஆய்வாளர் ஒரு மத்தியானம் வந்தார். ஷேர் ஆட்டோவில் இறங்கி, செருப்பை ஒரு பக்கமாக இழுத்து நடந்து, உள்ளே வந்ததும் மின்விசிறிக்கு நேராக நாற்காலியை நகர்த்திக்கொண்டார். சர்க்கரை இல்லாத டீ கேட்டார். பையிலிருந்து ஃபைலை எடுத்து மடியில் வைத்தார்.

"மூணையும் காட்டுங்க."

"ஒண்ணுதான் சார் இருக்கு. அதுவும் கடிதம் வந்த அன்னிக்கே கழட்டியாச்சு" என்றாள்.

"ஒண்ணா? நீங்க எழுதினதும்மா இது. உங்க கையெழுத்துதானே?" மனுவின் கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். 'இணைப்பு: 3' என்பதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

"சார், அது தாள் சார்" என்றார் வைண்டிங்காரர்.

"என்ன தாள்?"

"மனுவோட இணைச்ச தாள். மூணு தாள் இணைச்சோம். அதான் இணைப்பு மூணு."

ஆய்வாளர் ஃபைலைப் பார்த்தார். படத்தைப் புரட்டினார், லைசென்ஸ் விவரத்தைப் புரட்டினார், ஸ்விட்ச் விளக்கத்தைப் புரட்டினார். விரல்விட்டு எண்ணினார். டீ வந்தது, குடித்து முடித்தார்.

"பதிவேட்டுல ஏத்தினவர் போன மாசம் ரிட்டையர் ஆயிட்டார்" என்றார் கடைசியில். "அவர் செஞ்ச கடைசி வேலை இது."

"அப்ப ஒண்ணுன்னு திருத்திடுங்க சார்."

"திருத்தறதா? மூணு எப்படி ஒண்ணாச்சுன்னு மேல விளக்கம் கேப்பாங்க. நான் விளக்கம் எழுதினா அந்த விளக்கத்துக்கு ஒரு விளக்கம் கேப்பாங்க. எனக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா."

வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. "சார், திருத்தம் எதுக்கு? நீங்க இப்ப வந்து எதைப் பார்த்தீங்க?"

"மூணு தாளைப் பார்த்தேன்."

"அதையே எழுதுங்க. இணைப்பு மூணும் பார்வையிட்டேன். இயங்கும் நிலையில் எதுவும் இல்லை. மனுதாரர் அனுமதி கோருவது ஒன்றுக்கு மட்டும். இதுல எந்த வார்த்தை பொய்?"

ஆய்வாளர் என்னை முதல் முறையாகப் பார்த்தார். "நீங்க வக்கீலா?"

"பக்கத்துல கயிறு விக்கிறேன்."

"அதான் திரிக்கிறீங்க" என்றார். ஆனால் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். "மேல இருக்கறவங்க பார்த்தா, மூணு கேக்கக்கூடியவன் ஒண்ணோட நிறுத்திட்டான்னு தோணும். தப்பில்ல."

தங்கச்சிக்கு அது பிடிக்கவில்லை. "சார், எழுதறது எழுதுங்க. ஆனா அந்த ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துட்டு எழுதுங்க. படத்துல இருக்கிற மாதிரியே இருக்கான்னு பாருங்க" என்று பின் அறைக்குக் கூட்டிப்போனாள். அவர் குனிந்து ஒயர் ஒயராகப் பார்த்தார். ஸ்விட்சை நாலு முறை தட்டினார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "இவ்வளவு பாடு எதுக்கும்மா?" என்று கேட்டார்.

சொன்னாள். நீ, நீங்க எல்லாவற்றையும் சொன்னாள். முன்பின் தெரியாத மனிதரிடம் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கான்" என்றார். "இவன் மரியாதை ரகமில்ல. பாட்டு வர்ற ரகம்." ஃபைலைப் பைக்குள் வைத்தார். "தினமும் பாட்டுதான்."

அனுமதி வர மேலும் ஐந்து வாரம் ஆனது. அதற்குள் மருந்துக்கடைக்காரர் பல நாள் போன் பண்ணினார், சில நாள் தம்பி வரவே இல்லை என்றார். "பேட்டரி இருக்காதும்மா" என்பார் அவரே. தங்கச்சி ஒரு மோட்டாரில் கம்பியை மாற்றி இறக்கிவிட்டாள். ஓடவிட்டபோது தலைகீழாகச் சுற்றியது. பதினெட்டு வருஷத்தில் அவள் கையில் நடந்த முதல் தப்பு. வைண்டிங்காரர் முனைகளைப் பிரித்து மாற்றிக் கட்டினார்.

விதிகள் கடைசியாக வந்தபோது, 'கூடாது' போய், எங்கள் வாக்கியம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. எல்லா ஊர்க்காரர்களும் அதன்படி அனுமதி கேட்கலாம். சங்கத்துச் செயலாளர் போன் பண்ணி, 'நேரில்' என்று எந்த முட்டாள் எழுதிக் கொடுத்தது என்று கத்தினார். "தெரியலையே" என்றார் வைண்டிங்காரர். எங்கள் அனுமதிக் கடிதம் தனியாக வந்தது: இணைப்பு ஒன்று, காலை அரை மணி நேரம், பொறுப்பாளராகத் தங்கச்சியின் பெயர் மட்டும். இணைப்பு இயங்காத ஒவ்வொரு நாளுக்கும் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும்.

மறுநாள் காலை ஆறரைக்கு நானும் போய் நின்றேன். தங்கச்சி சிவப்பு ஸ்விட்சைப் போட்டாள். வருகைப் பதிவு ஆரம்பித்தது. ஒவ்வொருவராக வந்து வாழ்த்துச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் வந்தார். அவருக்கு அடுத்து ஒரு இரைச்சல், பிறகு தம்பியின் குறி.

"அக்கா."

"சொல்லு."

"நீ நல்லா இருக்கியா?"

வைண்டிங்காரர் என் முழங்கையைப் பிடித்தார். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்கேன்டா. நீ?"

இரைச்சல். "அக்கா, எல்லாரும் கேக்கறாங்கன்னு தெரியும். சொல்லிடறேன். நடுவுல பதினோரு நாள் குடிச்சேன். யாரும் கேக்கலன்னதும் குடிச்சேன். இன்னியோட நாலு நாள் ஆச்சு விட்டு. நடுங்குது. மழைமானியைப் படிக்க முடியல, ரெண்டு ரெண்டாத் தெரியுது. நேத்து நோட்டுல சும்மா ஒரு நம்பர் எழுதிட்டேன்."

பன்னிரண்டு பேர் கேட்கிற அலைவரிசை அது. சொந்த விஷயம் நீட்டிப் பேசக்கூடாது என்பதும் விதிகளில் உண்டு. தங்கச்சி மைக்கை அழுத்தினாள்.

"நீ சொன்னது தெளிவாக் கேட்டுச்சு" என்றாள். "ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. சும்மா நம்பர் எழுதாதே. தெரியலன்னா தெரியலன்னு எழுது."

"சரிக்கா."

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவில் வந்தார். "தம்பி, நாளைக்கு ஜீப்புல நான் வரேன். நடுக்கத்துக்கு மருந்து இருக்கு. சங்கடப்படாதீங்க." பிறகு யாரோ ஒருவர், யாரென்று தெரியாத குரல், தன் குறியைச் சொல்லிவிட்டு, "எனக்கு ஆறு வருஷம் ஆச்சு, தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வருகைப் பதிவு தொடர்ந்தது.

அரை மணி முடிந்து ஸ்விட்சை அணைத்த கையோடு தங்கச்சி பையை எடுத்தாள். இரண்டு புடவை, சோப்பு, ஒரு போர்வை.

"வாசல்ல ஒன்பது மோட்டார் கிடக்கு" என்றார் வைண்டிங்காரர்.

"கிடக்கட்டும்."

"நீ போனா சாது மாதிரி இருப்பான், திரும்பினா பழைய குருடிதான்னு நீயே சொன்னே."

"அப்பல்லாம் நானாப் போய்க் கண்டுபிடிப்பேன். இப்ப அவனாச் சொன்னான்ங்க." தலையை வாரி முடிந்துகொண்டாள். "பெட்டியை அப்படியே ஓடவிட்டுடாதீங்க. நான் இல்லாம ஓடக்கூடாது."

"தெரியும். அந்த வார்த்தையை அடிக்கச் சொன்னவன் நான்."

ஏழே முக்கால் பஸ்ஸுக்குப் போனாள். வைண்டிங்காரர் வாசல்வரைக்கும் வந்து, திரும்பி, ஒன்பது மோட்டாரையும் பார்த்துவிட்டுப் பின் அறைக்குப் போனார். பெட்டியின் ஒயரைப் பிடுங்கி அவள் சுற்றுகிற மாதிரியே சுற்றி வைத்தார். பதிவேட்டில் மறுநாள் தேதியைப் போட்டார். இணைப்பு: இல்லை. காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன முதலாளி எழுதறது?"

நான் எட்டிக் கட்டத்தைப் பார்த்தேன். அவரே யோசித்து, படிக்கும்படியான அந்தக் கையெழுத்தில், கட்டத்துக்குள் அடங்கும்படி எழுதினார்:

பொறுப்பாளர் நேரில் போயிருக்கிறார்.